வேலியே பயிரை மேயுமா?



"வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்பது நம் நாட்டுப் பழமொழி. காக்க வேண்டியவனே கெடுத்தால் யாரிடம் போய் முறையிடுவது என்னும் துயரம் அதில் ஒலிக்கிறது. இப்பழமொழி ஊருக்கும் நாட்டுக்கும் மட்டும் பொருந்துவதன்று. நம் உடலுக்கும், அதிலும் குறிப்பாக மூளைக்கும் பொருந்தும் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. முதுமையில் நினைவைப் பறிக்கும் அல்சைமர் நோயிலும், கைகால்களை நடுங்கச் செய்யும் பார்க்கின்சன் நோயிலும், மூளையைக் காப்பதற்கென்றே அமைந்த செல்கள் ஒரு கட்டத்தில் மூளைக்கே கேடு செய்கின்றன.

காவலன் ஏன் இப்படி மாறுகிறான்? அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டால் நோய் தீருமா? இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. முதற்பாடம் நம் தூத்துக்குடிக் கடலின் அடியிலேயே கிடக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியை முத்துச்சிப்பி!

முத்துச்சிப்பி கற்பிக்கும் பாடம்

சுவாதி நட்சத்திரத்தன்று பெய்யும் மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து ஏந்திக்கொண்டால் அது முத்தாகிறது என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். அழகான கற்பனை! ஆனால் உண்மை அதனினும் வியப்பானது.

மன்னார் வளைகுடாவில், கடலுக்கடியில் பாறைத் திட்டுகளாக அமைந்த 'பார்'களில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வாழ்கின்றன. கொற்கை காலம் முதல் நம் கடற்கரைப் பெரியோர் மூச்சை அடக்கி மூழ்கி எடுத்தது இவற்றைத்தான். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் முத்தைப் பற்றிய ஆராய்ச்சி நிற்கவில்லை.

சிப்பியின் உடல் மென்மையானது. அதனுள் ஒட்டுண்ணி ஒன்றோ வேறு அயற்பொருளோ புகுந்துவிட்டால் வெளியேற்றுவது எளிதன்று. அப்போது அதன் இரத்தத்தில் மிதந்து திரியும் செல்கள் அவ்விடத்தை நோக்கி விரைகின்றன. வந்தது சிறிதாயின் விழுங்கிவிடுகின்றன. பெரிதாயின் சூழ்ந்து நின்று வளைத்துக்கொள்கின்றன. இவையே சிப்பியின் காவற்படை. ஓட்டை உருவாக்கும் மேன்டில் என்னும் போர்வைச் சவ்வின் செல்கள் சிலவும் அயற்பொருளோடு உள்ளே சென்றுவிட்டால், அவை பெருகி அதைச் சுற்றி ஒரு பை அமைக்கின்றன. அப்பை சுண்ணாம்புச் சத்தையும் புரதத்தையும் மெல்லிய அடுக்குகளாகப் பூசிக்கொண்டே வர, நாளடைவில் ஒளிரும் முத்து உருவாகிறது. ஆக, முத்தைப் பூசுவது காவற்செல் அன்று. பூச்சு வேலை மேன்டில் செல்களுடையது. ஆனால் காவற்செல்கள் முதலில் வந்து புண்ணைத் துப்புரவு செய்து, பின் அமைதியடைந்தால்தான் அப்பூச்சு வேலை நடைபெற முடியும். இதை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இவ்வுண்மையைக் கையால் செய்து காட்டிய பெருமை நம் ஊருக்கு உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சுவாமி, தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள வேப்பலோடையில், 1973ஆம் ஆண்டு இந்தியாவிலேயே முதன்முறையாக உருண்டை வடிவான வளர்ப்பு முத்தை உண்டாக்கினார். சிப்பியின் உடலைச் சிறிதே கீறி, ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த சிறு மணி ஒன்றையும், வேறொரு சிப்பியின் மேன்டில் துணுக்கு ஒன்றையும் உள்ளே வைப்பது இம்முறை. ஆனால் இவ்வாறு வைக்கப்படும் எல்லா மணிகளும் முத்தாவதில்லை. சில சிப்பிகள் மணியை வெளியே தள்ளிவிடுகின்றன. சில இறந்தும் போகின்றன.

இங்கேதான் பாடம் இருக்கிறது. காவல் அறவே இல்லாத சிப்பி கிருமிக்கு இரையாகும். காவல் ஓயாத சிப்பி தன்னையே வருத்திக்கொள்ளும். தக்க நேரத்தில் எழுந்து, தக்க நேரத்தில் அடங்கும் காவலே முத்தைத் தரும்.

இரு வகைக் காவல்

நம் உடலின் நோய்த்தடுப்பாற்றல் இரு வகைப்படும். ஒன்று பிறக்கும்போதே உடன் வருவது. அதனை இயல்பு நோய்த்தடுப்பாற்றல் என்பர். மற்றொன்று நோய் கண்ட பின்போ, தடுப்பூசி போட்ட பின்போ கற்றுக்கொள்வது; அதனைப் பெறப்பட்ட நோய்த்தடுப்பாற்றல் என்பர்.

நம் துறைமுகத்தின் வாயிலை எண்ணிப் பாருங்கள். வாயிற்காவலருக்கு வருகின்ற ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் தெரியாது. அனுமதிச் சீட்டு இல்லாதவர் எவரானாலும் உடனே மறித்துவிடுவார். இயல்பு நோய்த்தடுப்பாற்றல் இத்தகையது. இதற்கு நேர்மாறாக, புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பிட்ட ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடிக்கும் துப்பறிவாளரைப் போன்றது பெறப்பட்ட நோய்த்தடுப்பாற்றல். அவர் வந்து சேர நாட்கள் ஆகும். ஆனால் ஒருமுறை கண்ட முகத்தை மறவார். சிப்பி, நண்டு, நட்சத்திர மீன் போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நம்மைப் போன்ற எதிர்ப்பொருள்கள் இல்லை. வாயிற்காவலரை மட்டுமே நம்பி அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றன.

இக்காவலரை முதன்முதலில் அடையாளம் கண்டவர்களுள் தலைசிறந்தவர் இல்யா மெச்னிகோவ் என்னும் ருஷ்ய உயிரியல் அறிஞர். 1882இல் இத்தாலியின் சிசிலித் தீவில், மெசினா என்னும் கடற்கரை ஊரில் அவர் தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் இளம் உயிரி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. அதனுள் சிறு முள் ஒன்றைச் செருகிவிட்டு, மறுநாள் காலையில் உருப்பெருக்கியில் பார்த்தார். அசையும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! அயற்பொருளைச் செல்கள் தேடிச் சென்று விழுங்குகின்றன என்னும் கொள்கை அங்கே பிறந்தது. இதற்காக 1908ஆம் ஆண்டு பால் எர்லிக் என்பவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மெச்னிகோவுக்குப் பின் இத்துறை நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. எதிர்ப்பொருள்களும் தடுப்பூசிகளும் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்துக்கொண்டன. சீட்டில்லாதவரைக் காவலர் எவ்வாறு கண்டுகொள்கிறார் என்பது 1990களில்தான் விளங்கியது. 1996இல் பழ ஈயிலும், 1998இல் எலியிலும் கிருமிகளின் பொதுவான அடையாளங்களை உணரும் 'டோல்' வகை ஏற்பிகளின் பணி தெளிவாயிற்று. இதற்காக ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூஸ் பியூட்லர் ஆகிய இருவரும் 2011ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

மூளைக்குள் ஒரு காவற்படை

மூளை மிகவும் பாதுகாக்கப்பட்ட உறுப்பு. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே நெருக்கமான தடுப்பு ஒன்று உண்டு. இரத்தத்தில் உள்ள எல்லாப் பொருள்களும் எளிதாக உள்ளே நுழைந்துவிட முடியாது. அப்படியானால் உள்ளே காவல் புரிவது யார்?

1919ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா, வெள்ளிச் சாயமிட்டு மூளையை ஆராய்ந்தபோது, கிளைகள் பல பரப்பிய சிறு செல்களைப் பிரித்தறிந்தார். அவற்றுக்கு மைக்ரோகிளியா எனப் பெயரிட்டார். மூளைச் செல்களில் இவை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இருக்கும். இவையே மூளையின் வாயிற்காவலர். இயல்பு நோய்த்தடுப்பாற்றலின் மூளைக் கிளை என்றும் கூறலாம்.

இவை எங்கிருந்து வருகின்றன? கரு உருவாகும் தொடக்க நாட்களில், கருவை ஒட்டியுள்ள கருவுணவுப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிப் பெருகுகின்றன என்று 2010இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. அமைதிக் காலத்திலும் இவை சும்மா இருப்பதில்லை. 2005ஆம் ஆண்டு உயிருள்ள எலியின் மூளையை நேரே படம்பிடித்த அறிஞர்கள், மைக்ரோகிளியாவின் கிளைகள் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு வியந்தனர். இரவு ரோந்து சுற்றும் காவலர் ஒவ்வொரு கதவையும் தொட்டுப் பார்ப்பது போன்றதே இது!

இறந்த செல்களை அகற்றுவது, கிருமிகளை விழுங்குவது, புண்ணை ஆற்றுவது ஆகியவை இவற்றின் பணிகள். இளம் மூளையில் இன்னுமொரு பணியும் உண்டு. குழந்தையின் மூளையில் நரம்பு செல்களுக்கிடையே தேவைக்கு மிகுதியான இணைப்புகள் தோன்றுகின்றன. தோட்டக்காரர் செடியைக் கத்தரிப்பதுபோல, வேண்டாத இணைப்புகளை மைக்ரோகிளியா அகற்றுகிறது. எதைக் கத்தரிக்க வேண்டும் என்று குறியிடுவதில், கிருமிகளின்மேல் ஒட்டி அவற்றைக் காட்டிக்கொடுக்கும் 'காம்ப்ளிமென்ட்' என்னும் இரத்தப் புரதங்களே இங்கும் உதவுகின்றன. இக்கத்தரிக்கோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது மீண்டும் வரும்.

நினைவைத் தின்னும் நோய்

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனைக்கு அவுகுஸ்டே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி அழைத்து வரப்பட்டார். அவருடைய நினைவு குழம்பியிருந்தது. அவரைக் கவனித்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். 1906இல் அப்பெண்மணி இறந்த பின், அவர் மூளையை ஆராய்ந்த அல்சைமர், செல்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் செல்களுக்கு உள்ளே முறுக்கிய நூற்கண்டுகளையும் கண்டார். அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. திட்டுகள் அமிலாய்டு-பீட்டா என்னும் புரதத்தால் ஆனவை என்றும், கண்டுகள் டௌ என்னும் புரதத்தால் ஆனவை என்றும் பிற்காலத்தில் தெரிந்தது.

மைக்ரோகிளியாவின் கண்ணுக்கு அமிலாய்டுத் திட்டு ஓர் அயற்பொருள். சிப்பிக்குள் புகுந்த ஒட்டுண்ணியைப்போல அது தோன்றுகிறது. உடனே அவை விரைந்து சென்று திட்டைச் சூழ்கின்றன. சிலவற்றை விழுங்குகின்றன. விழுங்க முடியாததை நெருக்கமாக வளைத்து நின்று இறுக்கி, அதன் நச்சு பக்கத்து நரம்பு இழைகளைத் தீண்டாதவாறு தடுக்கின்றன. இதுவரை எல்லாம் நன்மையே! காவலர் தம் கடமையைச் செய்கின்றனர்.

துன்பம் எங்கே தொடங்குகிறது? சிப்பியில் மணி மூடப்பட்டதும் காவல் அடங்குகிறது. முதியவரின் மூளையிலோ திட்டுகள் ஆண்டுக்கணக்காக வந்துகொண்டே இருக்கின்றன. காவலருக்கு ஓய்வில்லை. கிருமியைக் கொல்வதற்காக அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் நாள்தோறும் கசிகின்றன. கையில் முள் தைத்தால் சிவந்து வீங்கி இரண்டு நாளில் ஆறிவிடுகிறது. அதற்கு அழற்சி என்று பெயர். அதே அழற்சி மூளையில் பத்து, இருபது ஆண்டுகள் அணையாமல் புகைந்தால் என்ன ஆகும்? பக்கத்திலுள்ள நல்ல நரம்பு செல்களும் நலிவடைகின்றன. அவை நலிந்து சிதையும்போது வெளிப்படும் பொருள்களைக் கண்டு காவலர் மேலும் சீற்றங்கொள்கின்றனர். நெருப்பு விறகை உண்டாக்கி, விறகு நெருப்பை வளர்க்கும் கதைதான் இது.

முன்னே சொன்ன கத்தரிக்கோலும் மீண்டும் வெளிவருகிறது. குழந்தைப் பருவத்தில் பயன்பட்ட அதே காம்ப்ளிமென்ட் முறை, அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் தவறான காலத்தில் விழித்தெழுந்து, வேண்டிய இணைப்புகளையே வெட்டுகிறது என்று 2016இல் எலிகளில் நடந்த ஆய்வு தெரிவித்தது. நினைவு என்பது இணைப்பு அல்லவா? பேரப்பிள்ளையின் பெயரும், நேற்று உண்ட உணவும், வீட்டுக்குத் திரும்பும் வழியும் அவ்விணைப்புகளிலேயே தங்கியுள்ளன.

நடுக்கத்தின் கதை

1817ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்க நோயிலும் இதே கதை வேறு இடத்தில் நடைபெறுகிறது. மூளையின் அடிப்பகுதியில் கருநிறமுள்ள ஒரு சிறு பகுதி உண்டு. உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்னும் பொருளை அங்குள்ள நரம்பு செல்கள் உண்டாக்குகின்றன. அவை இறந்துபோவதால் நடுக்கமும், தசை இறுக்கமும், மெதுவான நடையும் ஏற்படுகின்றன. 1988இல் கனடா நாட்டு அறிஞர் மக்கீர் தம்பதியரும் அவர்தம் குழுவினரும், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் அக்கருநிறப் பகுதியைச் சுற்றிச் சீற்றங்கொண்ட மைக்ரோகிளியா மிகுந்திருப்பதைக் கண்டனர்.

செல்கள் இறந்ததால் காவலர் கூடினரா, காவலர் கூடியதால் செல்கள் இறந்தனவா? நியாயமான கேள்விதான்! இதற்கு ஓரளவு வெளிச்சம் தந்தது ஒரு துயர நிகழ்ச்சி. 1982இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் நச்சு கலந்த போதைப்பொருளை உட்கொண்டு, சில நாட்களிலேயே பார்க்கின்சன் நோயாளர்போல் உறைந்து போயினர். அத்தகையோர் மூவரின் மூளையை அவர்கள் இறந்த பின் ஆராய்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். நச்சு உடலில் புகுந்து 3 முதல் 16 ஆண்டுகள் கழிந்திருந்தும், மைக்ரோகிளியா அடங்காமல் இருந்தன. நரம்பு செல்கள் இன்னும் இறந்துகொண்டிருந்தமைக்கும் அறிகுறிகள் தென்பட்டன. திருடன் ஓடி மறைந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் காவலர் தடியைக் கீழே வைக்கவில்லை என்பதன்றோ இதன் பொருள்?

காவலரை நீக்கிவிடலாமா?

"அப்படியானால் அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் போகிறது!" என்று தோன்றும். அறிஞர்களுக்கும் அவ்வாறே தோன்றியது. மூட்டுவாதத்திற்காக நெடுங்காலம் அழற்சி மருந்து உண்டவர்களுக்கு அல்சைமர் நோய் குறைவாக வருவதுபோல் 1990 வாக்கில் கணக்கெடுப்புகள் காட்டின. ஆதலால் 2001இல் அமெரிக்காவில் பெருஞ்சோதனை ஒன்று தொடங்கியது. நோய் இன்னும் வராத, 70 வயதை எட்டிய முதியோர்க்கு நாப்ராக்சன், செலிகாக்சிப் ஆகிய மருந்துகள் தரப்பட்டன. இதயத்திற்குத் தீங்கு நேரலாம் என்னும் அச்சத்தால் 2004இல் மருந்து நிறுத்தப்பட்டது. நோயைத் தடுக்கும் பயனும் காணப்படவில்லை.

காவலர் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை மற்றொரு கண்டுபிடிப்பு உணர்த்தியது. மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் ட்ரெம்-2 என்னும் ஏற்பி உண்டு. திட்டு இருக்குமிடத்தை உணர்ந்து சூழ்ந்துகொள்ள அது உதவுகிறது. அதன் மரபணுவில் ஓர் அரிய மாறுபாடு உடையவர்களுக்கு, அஃதாவது காவலர் மந்தமாக உள்ளவர்களுக்கு, அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2 முதல் 4 மடங்கு மிகுதி என்று 2012இன் இறுதியில் இரு குழுவினர் தனித்தனியே அறிவித்தனர். காவலர் சீறினாலும் கேடு, தூங்கினாலும் கேடு! வேலி பயிரை மேய்கிறது என்பதற்காக வேலியைப் பிடுங்கி எறிந்தால் மாடு முழுவதையும் மேய்ந்துவிடும்.

புதிய மருந்து ஒன்றும் இதே உண்மையைப் பேசுகிறது. 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லெக்கானிமாப், ஆய்வகத்தில் செய்யப்பட்ட எதிர்ப்பொருள். அஃது அமிலாய்டின்மேல் ஒட்டிக் கொடியசைத்துக் காட்டுகிறது. அதைக் கண்டு திட்டைத் துப்புரவு செய்வதில் மைக்ரோகிளியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. காவலரைத் தண்டிக்காமல் நல்வழியில் வேலை வாங்கும் முறை இது. ஆயினும் இது நோயைக் குணமாக்குவதில்லை. தொடக்க நிலை நோயாளரிடம் 18 மாதங்களில் நலிவின் வேகத்தை நூற்றுக்கு 27 என்ற அளவில் குறைத்தது. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படுகின்றன. காவலரை எழுப்பும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இஃது யாருக்கோ வரும் நோயா?

அல்சைமர் என்னும் பெயர் அயல்நாட்டுப் பெயராக ஒலிப்பதால், நோயும் அயல்நாட்டுக்கே உரியது என எண்ணிவிடக் கூடாது. அறிவாற்றல் சிதையும் இத்தகைய நிலைகள் அனைத்தையும் டிமென்ஷியா என்பர். அவற்றுள் அல்சைமரே மிகுதி. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்கின்றனர். அவர்களுள் ஆண்களைவிடப் பெண்களின் விகிதம் அதிகம். நகரத்தாரைவிடக் கிராமத்தாரின் விகிதம் அதிகம்.

ஆனால் நம் வீடுகளில் இதை நோய் என்று யார் சொல்கிறார்கள்? "பாட்டிக்கு வயதாகிவிட்டது", "தாத்தாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது", "வேண்டுமென்றே செய்கிறார்" என்பனவே நாம் கேட்கும் சொற்கள். சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்கும் முதியவரை அதட்டுகிறோம். பூட்டிய கதவைத் தட்டி "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அழுபவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதும் உண்டு. அவர் தம் வீட்டிலேதான் இருக்கிறார். ஆனால் அவ்வீட்டை நினைவூட்டும் இணைப்புகள் வெட்டப்பட்டுவிட்டன. இக்கட்டுரையில் கண்ட செல்களின் கதையை அறிந்த ஒருத்தி அவரை அதட்ட மாட்டாள் அல்லவா? அறிவியல் நமக்குத் தரும் முதற்பயன் இந்தப் பொறுமையே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அதற்கென உழைப்போரும் நம் நாட்டில் உளர். 1992இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம் நோயாளர் குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் முதியோர் மனநலப் பணி புரிகிறது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் பகுதிச் சிற்றூர்களில் 45 வயதைக் கடந்த மக்களைத் தொடர்ந்து கவனித்து, நம் நாட்டாரின் மூளை எவ்வாறு முதுமையடைகிறது என்று ஆராய்கிறது.

வேலியைச் செப்பனிடுவோம்

2024ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் குழு, டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும் 14 காரணங்களைத் தொகுத்தது. அவற்றை முற்றிலும் நீக்க முடிந்தால், உலகில் இந்நிலைக்கு ஆளாவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேருக்கு அது வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணக்கிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகு கொழுப்பு, உடற்பருமன், புகைபிடித்தல், மிகுதியான மது, உடல் உழைப்பின்மை, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, செவித்திறன் குறைவு, கவனிக்காத பார்வைக் குறைவு, கல்விக் குறைவு என்பனவே அவை. இவற்றுள் நீரிழிவு, புகை, பருமன், மாசு முதலியன உடல் முழுவதும் அழற்சியைத் தூண்டிக் காவலரை ஓயாது எழுப்பிக்கொண்டிருப்பவை.

நம் ஊரில் நாம் செய்யத்தக்கவை பல. உப்பு விளையும் ஊர் என்பதற்காக உப்பை அள்ளிக் கொட்டிச் சமைக்க வேண்டுமென்பதில்லை. இரத்த அழுத்தம் உள்ள பெரியவரின் தட்டில் உப்பையும் ஊறுகாயையும் கருவாட்டையும் குறைக்கலாம். அப்பாவும் அண்ணனும் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது தலைக்கவசத்தை நாமே எடுத்து நீட்டலாம். காது மந்தமான தாத்தாவைக் கேலி செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். கண்புரை முற்றிய பாட்டிக்கு அறுவைச் சிகிச்சை பற்றி எடுத்துச் சொல்லலாம். திண்ணையில் தனியே அமர்ந்திருப்பவரிடம் மாலையில் சிறிது நேரம் பழங்கதை கேட்கலாம். அழற்சி மாத்திரைகளைத் தாமாகவே கடையில் வாங்கி விழுங்க வேண்டாம் என்றும் சொல்லலாம்.

அந்தப் பதினான்கில் ஒன்று எங்கள் உள்ளத்தை மிகவும் தொட்டது. அதுவே கல்விக் குறைவு. இளமையில் கற்கும் கல்வி மூளையில் மிகுந்த இணைப்புகளைச் சேமித்து வைக்கிறது. பிற்காலத்தில் சில வெட்டுண்டாலும் மற்றவை தாங்கிக்கொள்கின்றன. நம் பாட்டிமார் பலர் இரண்டாம் வகுப்போடும் மூன்றாம் வகுப்போடும் பள்ளியை விட்டு, உப்பளத்துக்கும் வலை பின்னவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் போனவர்கள். நம் நாட்டில் பெண்களுக்கு டிமென்ஷியா மிகுதியாக இருப்பதற்கு அவர்களுக்குக் கல்வி கிட்டாமற் போனதும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அன்று ஒரு சிறுமியின் கையிலிருந்து பிடுங்கப்பட்ட சிலேட்டுக்கு, அறுபது ஆண்டு கழித்து அவள் மூளை விலை கொடுக்கிறது. இன்றும் ஒரு வீட்டில் முதியவர் நோயுற்றால், அவரைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்த வேண்டியவள் பெண்பிள்ளையாகவே இருக்கிறாள். முதியவரைப் பேணுவது நம் கடமை; அதில் ஐயமில்லை. ஆனால் அக்கடமையை வீட்டிலுள்ள ஆண்களும் பெண்களும் பங்கிட்டுக்கொள்வதே முறை. ஒருத்தியின் நினைவைக் காக்க இன்னொருத்தியின் கல்வியை எரித்தால், அதுவும் வேலி பயிரை மேய்ந்த கதையே ஆகும்.

தோழியரே! அடக்கமில்லாத காவல் நோயாகிறது. அளவறிந்த காவல் முத்தாகிறது. நம் கடலின் சிப்பி அறிந்த அந்த அளவை மனித மூளைக்குள் நிலைநாட்டும் வழியை உலகெங்கும் அறிஞர்கள் தேடிக்கொண்டிருக்கின்றனர். அவ்வழியைக் கண்டுபிடிக்கப்போகும் ஒருத்தி இன்று நம் வகுப்பறைகளில் ஒன்றில் அமர்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவள் பள்ளியை விட்டு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி